ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

முருகன் துணை
ஓல்போர்க், 03.05.2025

அன்புள்ள தங்கச்சி மலருக்கு,

நான் இஞ்சை சுகம். நீயும் மகள் சோபனாவும் பேரன் நோவாவும் சில்க்போர்க்கிலை சுகமாயிருக்க முருகனை வேண்டுறன். உன்ர சபைக் கர்த்தரை வேண்ட மாட்டன், கோவிக்காதை.

போன் இருக்க இந்தாள் ஏன் கடிதம் எழுதுது எண்டு நினைப்பாய். இருபத்தெட்டு வருசம் சீமெந்துத் தொழிற்சாலையிலை நிண்டு காது போச்சு. மிசினைக் காதுக்குள்ளை செருகினாலும் நீ போனிலை கதைக்கிறது ஒரே இரைச்சல்தான். கடிதமெண்டால் ஆறுதலா வாசிக்கலாம்.

விசயம் இதுதான். பிரெடெரிசியாவிலை கஜதீபன் எண்டொரு பொடியன் ‘சேதுகாவல உடையார் வழித்தோன்றல் ஒன்றியம்’ எண்டு துடங்கியிருக்கிறான். ஒல்லாந்தற்றை காலத்திலை எங்கடை ஊருக்கு அதிகாரியாய், உடையாராயிருந்தவற்றை வம்சத்திலை வந்தவைக்கு மட்டும்தான் இடம். கண்ட நிண்டதுகளை உள்ளுக்கு விடமாட்டினம். ஏழு தலைமுறை காட்ட வேணும். அப்பா வரைக்கும் பழைய காணி உறுதிப் பத்திரங்களிலை இருந்து அவனே எடுத்துப்போட்டான். மிச்சம் என்ர பிறப்புப் பத்திரம், சாதகம், பேந்து ஒரு சத்தியக் கடதாசி. கூடப் பிறந்த ஒராள், ‘இவரும் நானும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்’ எண்டு கையெழுத்து வைக்க வேணுமாம். எனக்கு உன்னை விட்டால் ஆர்? அப்பாவின்ர தகரப்பெட்டியும் உன்னட்டைத்தானே கிடக்கு. புரட்டாதி முடியிறதுக்குள்ளை குடுக்க வேணும்.

சிரிக்காதை மலர். சுஜீவா போய் ரெண்டு வருசமாகுது. நாற்பது வருசமா இந்த டென்மார்க்கிலை நான் ஆர் எண்டு கேட்டால் முதல் அகதி, பேந்து வேலையாள், இப்ப பென்சன்காரன். நான் இன்னாற்றை வம்சம் எண்டு ஒரு கடதாசியிலை பேர் வந்தால் எனக்குக் காணும். சாகேக்கை ஒரு ஆளாய்ச் சாக வேணும்.

சத்தியக் கடதாசி உள்ளுக்கு வைச்சிருக்கிறன். கெதியாப் போடு.

அண்ணன்
ஆனந்தராஜா

---

கர்த்தருக்குத் தோத்திரம்
சில்க்போர்க், 19.05.2025

அன்புள்ள அண்ணை,

உங்கடை கடிதம் கண்டு சந்தோசம். ஆண்டவற்றை கிருபையாலை சுகம். முழங்கால் மட்டும் நோகுது. முப்பது வருசம் வயோதிபர் இல்லத்திலை டெனிஷ்காரக் கிழடுகளைத் தூக்கினதுக்கு வேறையென்ன கிடைக்கும். நோவாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திட்டுது. உங்களைக் கேட்டவன், அதுவும் டெனிஷிலை.

பிறப்புப் பத்திரம் உள்ளுக்கு வைச்சிருக்கிறன். 1954 மே 14, ஆனந்தராஜா, தகப்பன் இளையதம்பி, தாய் அன்னப்பிள்ளை. எழுத்து மங்கிப் போச்சு. சாதகம் கண்ணிலை படேல்லை, தேடிப் பாக்கிறன்.

சத்தியக் கடதாசிதான் அண்ணை சங்கடம். எங்கடை சபையிலை சத்தியம் பண்ணுறதில்லை. வேறை ஆரும் கையெழுத்து வைக்கலாமோ எண்டு அந்தப் பொடியனைக் கேட்டுப் பாருங்கோ.

சாப்பாட்டைக் கவனியுங்கோ. பாணும் சம்பலும் சாப்பாடில்லை.

உங்கள் தங்கச்சி
கிறேஸ் தங்கமலர்

---

முருகன் துணை
ஓல்போர்க், 27.05.2025

அன்புள்ள மலருக்கு,

சுகம். நீயும் சுகமெண்டு நம்புறன்.

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. கொலையோ களவோ செய்யச் சொன்னனான்? நீ என்ர தங்கச்சி, நான் உன்ர அண்ணன். இது ஊருக்கே தெரிஞ்ச விசயம். இதை எழுதிக் குடுக்க உன்ர பாஸ்டர் என்னத்துக்குத் தடுக்கிறார்? வேறை ஆரும் வைக்கலாமோ எண்டு கஜதீபனைக் கேட்டுப் பாத்தன். கூடப் பிறந்த ஆள் உயிரோடை இருந்தால் அவைதான் வைக்க வேணுமாம்.

சாதகம் இல்லையெண்டு சொல்லாதை. என்ர கலியாணத்துக்கு அப்பா அதே பெட்டிக்குள்ளை இருந்துதான் எடுத்தவர். அத்த நட்சத்திரம். சுஜீவாவோடை பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஏழுக்கு மேலை வந்தால்தான் பொம்பிளை தாறதெண்டு அவளின்ர தகப்பன் ஒற்றைக் காலிலை நிண்டவர். வடிவாத் தேடு.

அண்ணன்

---

கர்த்தர் நல்லவர்
சில்க்போர்க், 02.07.2025

அன்புள்ள அண்ணை,

பதில் பிந்திப்போச்சு, மன்னியுங்கோ. சோபனாவுக்கு வேலை கூட, நோவாவை நான்தான் பாக்கிறன். நல்ல வெய்யில், ஏரிக்கரையெல்லாம் சனம். நீங்கள் ஒரு கிழமை வந்து நிண்டால் என்ன?

அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. இந்த உடையார் கதையை விட்டால் என்ன? உங்களுக்கு என்ன குறை? பிள்ளையளை வளர்த்து ஆளாக்கினீங்கள். நானும் சோபனாவின்ர தகப்பனும் 88இலை வந்திறங்கேக்கை உங்கடை ஒற்றை அறையிலை எங்களை எட்டு மாதம் வைச்சிருந்தீங்கள். அந்த உடையாற்றை பேரை வைச்சுத்தானோ நீங்கள் ஆளாக வேணும்?

அம்மா கடைசியிலை என்னோடை இருக்கேக்கை கனக்கக் கதைச்சவ. எல்லாத்தையும் எழுதேலாது.

சாதகம் பெட்டிக்குள்ளைதான் இருக்கு. ஆனால் அதை அனுப்ப எனக்கு மனமில்லை. ஏனெண்டு கேளாதேங்கோ.

உங்கள் தங்கச்சி
கிறேஸ்

---

ஓல்போர்க், 09.07.2025

மலருக்கு,

இருக்கெண்டு சொல்லிக்கொண்டு தரமாட்டனெண்டால் என்ன அர்த்தம்? ஏன் எண்டும் கேட்கக் கூடாதோ? இதென்ன விசர்க் கதை!

எனக்கு விளங்கீட்டுது. சபைக்குப் போன நாள் துடக்கம் உனக்குக் கோயில், குளம், வம்சம் எல்லாம் பேயாய்ப் போச்சு. அம்மாவின்ர செத்தவீட்டிலை திருநீறு பூச விடாமல் நீ நிண்ட நிலை எனக்கு மறக்கேல்லை. நான் வாயே திறக்கேல்லை. இண்டைக்கு உன்னட்டை வாழ்நாளிலை ஒரே ஒரு கையெழுத்துக் கேட்டன். அதுக்கும் வழியில்லை.

நீ என்ர தாய் வயித்திலை பிறந்தவள்தானோ எண்டு எனக்கே சந்தேகமாக் கிடக்கு.

ஆனந்தராஜா

---

முருகன் துணை
ஓல்போர்க், 20.08.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நீ சுகமோ எண்டு தெரியேல்லை. ஆறு கிழமையாப் பதில் இல்லை. சோபனாவுக்கு மெசேஜ் போட்டன். அம்மா ஓகே, களைச்சுப் போனா எண்டு டெனிஷிலை ஒரு வரி அனுப்பினாள்.

அந்தக் கடைசி வசனத்தை எழுதியிருக்கக் கூடாது. கோவத்திலை வந்திட்டுது. பெட்டியிலை போட்ட கையோடை கைவிட்டு எடுக்கப் பாத்தன், கை போகேல்லை. இப்ப அந்தச் சிவப்புத் தபால் பெட்டியையே கழட்டிக் கொண்டு போட்டாங்கள். இந்தக் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன்.

நீ ஒருநாளும் இவ்வளவு நாள் கதையாமல் இருந்ததில்லை. ஏச வேணுமெண்டால் ஏசி எழுது. வெறுங் கடதாசியை மடிச்சுப் போட்டாலும் காணும். நான் அப்பிடி என்னத்தைச் சொல்லிப்போட்டன்? கோவத்திலை எல்லாச் சனமும் சொல்லுறதுதானே.

அண்ணன்

---

கர்த்தர் துணை
சில்க்போர்க், 14.09.2025

அன்புள்ள அண்ணை,

இருந்து வாசியுங்கோ. வாசிக்க முதல் தேத்தண்ணி குடியுங்கோ.

உங்கடை அந்த வசனத்தை வாசிச்சுப்போட்டு எனக்குக் கோவம் வரேல்லை. பயம்தான் வந்தது. நீங்கள் எல்லாத்தையும் அறிஞ்சுதான் என்னைக் குத்திறியளோ எண்டு யோசிச்சன். பேந்து பாத்தால் உங்களுக்கு ஒண்டும் தெரியாது. இதோடை எத்தினை கடிதம் எழுதிக் கிழிச்சனெண்டு சோபனாவைக் கேளுங்கோ.

அண்ணை, சத்தியம் பண்ணக்கூடாது எண்டு சொன்னது சாட்டு. ஒரே தாய் வயிறு எண்டு எழுதினால் அது பொய். அதுதான் நான் வைக்கேல்லை.

அப்பா அப்ப பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆசுப்பத்திரியிலை மருந்து குடுக்கிறவர். உங்களுக்கும் இது தெரியும். அங்கை 54 மேயிலை அப்பா அம்மாவுக்கு ஆனந்தராஜா பிறந்தான். ஒன்பது மாதத்திலை காய்ச்சல் வந்து செத்துப் போனான். மூண்டு கிழமை கழிச்சு, 55 பங்குனியிலை, கொழுந்தெடுக்கிற ஒரு மனிசி அதே ஆசுப்பத்திரியிலை பிள்ளைப்பேத்திலை செத்தவ. பேர் காத்தாயி. பிள்ளை தப்பீட்டுது. அம்மா பால் கட்டி, நெஞ்சு நோவோடை அழுதுகொண்டு கிடந்தவவாம். அப்பா அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து அம்மாவின்ர மடியிலை கிடத்தினவர். அம்மா, “ஆனந்தராஜா வந்திட்டான்” எண்டவவாம்.

அந்தப் பிள்ளை நீங்கள்.

செத்த பிள்ளைக்கு அப்பா மரணப் பதிவு செய்யேல்லை. அவன்ர பேரும் பிறப்புப் பத்திரமும் சாதகமும் உங்களுக்கு வந்திட்டுது. ரெண்டு வருசம் கழிச்சு மாற்றலாகி ஊருக்கு வந்திட்டினம். வயசுக்கு ஆள் சிறிசு எண்டு மட்டும் சனம் கதைச்சதாம். பேந்துதான் நான் பிறந்தன்.

2009இலை அம்மா சாகிறதுக்கு ஒரு கிழமை முதல் எனக்குச் சொன்னவ. பதினாறு வருசமா நான் இதை வைச்சுக்கொண்டு உங்கடை முகத்தைப் பாத்தனான். எனக்கு நீங்கள் அண்ணைதான். மாற்றமில்லை. வேறை ஒண்டும் என்னட்டைக் கேளாதேங்கோ.

கிறேஸ்

---

ஓல்போர்க், 18.09.2025

மலர்,

கிடைச்சது.

ஆ.

---

ஓல்போர்க், 25.10.2025

மலருக்கு,

முருகன் துணை எண்டு மேலை எழுதப்போய் விட்டிட்டன். அவர் எனக்குக் குலதெய்வமோ இல்லையோ எண்டு தெரியேல்லை. சுகமோ எண்டு கேட்டால் சாப்பிடுறன், நடக்கிறன்.

ஒண்டுக்கும் தலையும் விளங்கேல்லை வாலும் விளங்கேல்லை. எனக்கு என்ன வயசு? எழுபத்தொண்டோ எழுபதோ? அப்பிடியெண்டால் பென்சனை நான் முந்தியே எடுத்திட்டன். கொம்யூன் ஒப்பிசுக்குப் போய் என்னண்டு சொல்லுறது? “ஐயா, நான் வேறை ஆள்” எண்டோ? போன கிழமை அந்தக் கட்டடத்து வாசல் வரைக்கும் போய், நம்பர் எடுத்துப்போட்டு, கூப்பிட முதல் திரும்பி வந்திட்டன்.

சுஜீவாவை நினைச்சால்தான் விசர் பிடிக்குது. எட்டுப் பொருத்தம் செத்த பிள்ளைக்கும் அவளுக்கும். அவள் கட்டினது என்னை. நாற்பத்தொரு வருசம் ஒரு குறை சொல்லாமல் இருந்தாள். சாத்திரி ஆரைப் பாத்தவர், அவள் ஆரோடை இருந்தவள்? படத்துக்கு முன்னாலை போய் நிண்டு இதைக் கேட்டே போட்டன்.

கண்ட நிண்டதுகளை உள்ளுக்கு விடமாட்டினம் எண்டு நான்தானே உனக்கு எழுதினன். அந்தக் கண்ட நிண்டது நான்தான். அப்பாவோடை மலைநாட்டுச் சனத்தைப் பற்றி எவ்வளவு இளக்காரமாக் கதைச்சிருப்பன். அவர் ஒவ்வொரு முறையும் எழும்பிப் போயிடுவார். இப்பதான் ஏனெண்டு விளங்குது.

கஜதீபனுக்குப் போன் எடுத்து விண்ணப்பத்தை நிப்பாட்டச் சொன்னன். விடாமல் ஏனெண்டு கேட்டான். சொல்லிப்போட்டன். அவன் சொல்லுறான், “ஐயா, பத்திரம் சரியாத்தானே இருக்கு, பேசாமல் இருங்கோ. வந்த ஆக்களின்ர வேர் எல்லாத்தையும் கிண்டினால் நானே சங்கத்திலை மிஞ்சமாட்டன்.” சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியேல்லை.

மலர், ஒண்டும் கேளாதை எண்டு எழுதினாய். கேக்கிறன். காத்தாயிக்குப் புருசன் இல்லையோ? சொந்தம் ஒருத்தரும் இல்லையோ? பிறந்த பிள்ளையை டிஸ்பென்சர் ஐயா தூக்கிக்கொண்டு போக, எங்கடை பிள்ளை எங்கையெண்டு ஒரு மனிசரும் கேக்கேல்லையோ? நீ பொய் சொல்ல மாட்டாய். சொல்லாமல் விடுவாய். எனக்கு உன்னைத் தெரியும்.

ஆனந்தராஜா
(வேறை பேர் இல்லை, இதைத்தான் போட வேணும்)

---

கர்த்தர் இரக்கமுள்ளவர்
சில்க்போர்க், 06.11.2025

அன்புள்ள அண்ணை,

சாப்பிடுறன் எண்டு எழுதினது ஒண்டே எனக்குப் பெரிய ஆறுதல்.

கேட்டிட்டீங்கள். சொல்லுறன். உங்கடை பிறப்பை மறைக்க வேணுமெண்டு மட்டும் நான் பதினாறு வருசம் வாய் மூடி இருக்கேல்லை. அப்பாவின்ர பேரைக் காப்பாத்தவும்தான். அது எனக்கு வெக்கம்.

காத்தாயிக்குப் புருசன் இருந்தவர். வீரமுத்து. அண்டைக்குக் காலமை அவர் மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு ஆசுப்பத்திரி வாசலுக்கு வந்தவராம். அப்பா அவரிட்டை, தாயும் செத்திட்டா, பிள்ளையும் செத்திட்டுது எண்டு சொன்னவர். பிள்ளையைப் பாக்கலாமோ எண்டு அந்தாள் கேட்டதாம். அடக்கம் பண்ணியாச்சு எண்டிருக்கிறார். அம்மா பக்கத்து அறைக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டு நிண்டவ. நீங்கள் அழுதால் கேக்குமெண்டு பாலைக் குடுத்துக்கொண்டே நிண்டவவாம். அந்தாள் போன பிறகும் கனநேரம் அப்பிடியே நிண்டனான் எண்டு எனக்குச் சொல்லேக்கை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதவ.

பெட்டிக்குள்ளை அப்பாவின்ர ஆசுப்பத்திரிக் கொப்பி ஒண்டு இருக்கு. அவற்றை வடிவான எழுத்து. ‘காத்தாயி, வீரமுத்து பெண்சாதி, ஆண் சிசுவும் மரணம்.’ அதுக்குக் கீழை பென்சிலாலை, ‘மூத்த மகன் பழனியாண்டி, ஆறு வயது.’ அதை ஏன் எழுதி வைச்சார் எண்டு எனக்குத் தெரியாது. செத்தவனுக்குப் பிறப்புப் பத்திரம், உயிரோடை இருக்கிற உங்களுக்கு மரணப் பதிவு. இதுதான் எங்கடை அப்பா செய்த வேலை. உடையாற்றை ஆறாம் தலைமுறை.

ஊரிலை எல்லாரும் கும்பிட்ட மனிசன் அண்ணை. என்னை மடியிலை வைச்சு எழுத்துச் சொல்லித் தந்தவர். அவரை நான் எந்தக் கணக்கிலை சேர்க்கிறது? செபத்திலையும் அதைத்தான் கேக்கிறன்.

சத்தியக் கடதாசியை இதோடை வைச்சிருக்கிறன். ‘ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்’ எண்டதை வெட்டிப்போட்டு, ‘இவர் என்ர அண்ணன், எனக்கு நினைவு தெரிஞ்ச நாள் துடக்கம்’ எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறன். இதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை. நீங்கள் அனுப்பினாலும் சரி, கிழிச்சாலும் சரி.

உங்கள் தங்கச்சி
மலர்

---

ஓல்போர்க், 02.12.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். நல்ல பனி, வழுக்கி விழாமல் நட.

கிழிக்கேல்லை. பிரெடெரிசியாவுக்கு ரயில் ஏறி, கொண்டுபோய்க் கஜதீபன்ர கையிலை குடுத்தன். ரெண்டு தரம் வாசிச்சான். “ஐயா, வெட்டாத படிவம் ஒண்டு வாங்கித் தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” எண்டான். வெட்டினதுதான் சரியான படிவம் எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பி வாங்கினன். இப்ப அது சுஜீவாவின்ர படத்துக்குப் பின்னாலை இருக்கு.

அப்பாவிலை கோவம் வருது, பேந்து போகுது, பேந்து வருது. நான் காய்ச்சலிலை கிடக்க ஏழு மைல் சைக்கிள் மிதிச்சு மருந்துக்குப் போனவரும் அவர்தான். இதை வைச்சு நான் என்ன செய்யிறது? உனக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை. இருக்கட்டும்.

கஜதீபன் நல்ல பொடியன். உடையாரைத் தோண்டியெடுத்த அதே கெட்டித்தனத்தோடை அந்தத் தோட்டத்தைத் தேடினான். ரெண்டு கிழமையிலை கோயில் தர்மகர்த்தாவோடை கதைச்சிட்டான். வீரமுத்து செத்து நாற்பது வருசமாச்சாம். பழனியாண்டி இருக்கிறாராம் மலர். எழுபத்தாறு வயசு. கண் தெரியாதாம், பேத்தி வாசிச்சுச் சொல்லுவாளாம். ஆர் தேடுறது எண்டு அவருக்கு இன்னும் சொல்லேல்லை, நான்தான் சொல்ல வேணுமெண்டு தடுத்து வைச்சிருக்கிறன்.

நாலு நாளா எழுதினன். கீழை பிரதி வைச்சிருக்கிறன், பிழையிருந்தால் உடனை சொல்லு. பேத்திக்கு விளங்க வேணுமெண்டு புத்தகத் தமிழிலை எழுதியிருக்கிறன்.

அண்ணன்

---

ஓல்போர்க், டென்மார்க்
02.12.2025

அன்புள்ள அண்ணன் பழனியாண்டிக்கு,

நான் நலம். உங்கள் நலமும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். இதை வாசிக்கும் மகளே, மெதுவாக வாசி. அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்து.

அண்ணன், 1955ஆம் ஆண்டு பங்குனி மாதம் உங்கள் அம்மா காத்தாயி தோட்டத்து ஆசுப்பத்திரியில் இறந்தார். அன்று காலை நீங்கள் உங்கள் அப்பாவோடு வாசலில் நின்றீர்கள். பிறந்த பிள்ளையும் இறந்துவிட்டதென்று டிஸ்பென்சர் ஐயா சொன்னார். அப்பா பிள்ளையைப் பார்க்கக் கேட்டார். காட்டவில்லை. இதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆறு வயதில் நடந்ததை மறந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், நான் ஞாபகப்படுத்துகிறேன்.

அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், படிப்பித்தார்கள், கலியாணம் கட்டி வைத்தார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தப் பிள்ளை பிறகு வெளிநாடு வந்து, தானும் பிள்ளைகள் பெற்றுக் கிழவனாகிவிட்டது. அதற்கு நீங்கள் இருப்பது தெரியாமல் இருந்தது. தெரிந்து மூன்று கிழமைதான் ஆகிறது.

தை மாதம் வருகிறேன். காணி பூமி, பத்திரம் ஒன்றும் கேட்டு வரவில்லை. அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்க எனக்கு இந்த உலகத்தில் உங்களைத் தவிர ஆள் இல்லை. உங்கள் முன்னால் வந்து இருப்பேன். கையால் தடவிப் பாருங்கள்.

அன்று உங்களுக்குச் சொன்னது பொய், அண்ணன். நான் சாகவில்லை.

உங்கள் தம்பி